வேண்டாமுக்குள் இருக்கும் ஆம்

அட்டை கரைகிற மாதிரித் தெரியவில்லை. நிலூஷா அதை நாலாக மடித்து வாய்க்குள் அடைத்து, கடைவாய்ப் பல்லால் கடித்து, எச்சிலில் ஊறவிட்டு, திரும்பவும் கடித்தாள். தாடை வலித்ததே தவிர அட்டை அப்படியே இருந்தது. வெளியே சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். வாளி நிரம்பி வழிந்து செருப்பை நனைத்தது.

வெள்ளவத்தையில், காலி வீதிப் புடைவைக் கடை ஒன்றுக்கு மேலே இருக்கிற இன்மொழிக் கடித நிறுவகத்தின் கழிவறை அது. அட்டையும் நிறுவகத்துடையதுதான். விற்பனைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிற பதில் அட்டை. முதல் நாள் வகுப்பிலேயே ஆளுக்கொன்று கொடுத்துக் கிழித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒருவராலும் முடியவில்லை. சம்மதம் என்பது கிழியக் கூடாத பொருள், ஆகவே அதற்கென்று தனியாகக் கடதாசி செய்விக்கிறோம் என்று பணிப்பாளர் விளக்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். நிலூஷா கொஞ்சம் கூடுதலாகவே தட்டினாள்.

இப்போது அவள் வாய்க்குள் இருந்தது அவளுடைய அம்மாவின் சம்மதம்.

அம்மா அதில் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல். பாப்பம்.

கதவை யாரோ விரலால் தட்டினார்கள். கூடப் படிக்கிற பர்ஹா. "புள்ள, உள்ளுக்கு என்னத்தத் திங்கிற? அந்த அட்டையத்தானே? துப்பிட்டு வா. வந்த ஒடனே எல்லாத்தையும் போட்டோ எடுத்து மேல அனுப்பீட்டாங்க. நீ திங்கிறது சும்மா கடதாசி."

நிலூஷா துப்பினாள். பாப்பம் என்ற சொல்லில் ஒரு புள்ளிகூட அழிந்திருக்கவில்லை. மையும் நல்ல மை.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த பதினாறு வயதுப் பிள்ளையை இந்த நிறுவகத்தில் கொண்டுவந்து சேர்த்தது வேறு யாருமல்ல, இமெல்டா, அவளுடைய அம்மாதான். போனைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறாய், எங்கேயாவது போய் ஏதாவது படி என்று நச்சரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நிறுவகத்தின் கடிதமொன்று கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தது. கட்டணமில்லை, சான்றிதழ் உண்டு, பிள்ளையின் திறமையை நீங்கள் மட்டும்தான் இதுவரை கண்டிருக்கிறீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. அம்மா அதை வாசித்துவிட்டு அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அப்பா கப்பலில். அவருக்குச் சொல்லிக் கேட்க நேரமிருக்கவில்லை.

நிறுவகத்தில் நாள் தொடங்குவது உறுதிமொழியோடு. பயிலுநர்கள் நெஞ்சில் ஒரு வெறும் கடித உறையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் விற்பதில்லை, விளங்கிக்கொள்கிறோம் என்று மூன்று முறை சொல்ல வேண்டும். இடையில் கரையோர ரயில் போனால் கட்டடம் நடுங்கும், சத்தத்தில் சொன்னது கேட்காது. அப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில நாட்களில் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் உறுதிமொழிதான் நடந்தது.

அதன் பிறகு 'அன்புள்ள' பயிற்சி. அந்த ஒரு சொல்லை, வாசிக்கிறவருக்குத் தொண்டை அடைக்கிற மாதிரி எழுதப் பழக்கினார்கள். ள்ள சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும், ஆனால் விழுந்துவிடக் கூடாது. சரிவர எழுதியவர்களுக்கு 'அன்புள்ள' தரம் கிடைக்கும். மேலே 'பெருமதிப்புக்குரிய' தரம். அதற்கும் மேலே 'உங்கள் உண்மையுள்ள' தரம். அந்தத் தரத்தில் இருப்பவர்களை யாரும் கண்டதில்லை. அவர்கள் மேல்மாடியில் வேலை செய்கிறார்கள். பயிலுநர்கள் மேலே போகக் கூடாது. படியில் ஒரு சங்கிலி போட்டிருந்தது.

வகுப்பின் நடுவில் ஒருவரும் உட்காராத ஒரு வெறும் கதிரை இருந்தது. அதற்கு வாசகர் கதிரை என்று பெயர். உள்ளே வருகிறவர்கள் முதலில் அதற்கு வணக்கம் சொல்ல வேண்டும். நாளுக்கு இரண்டு முறை அதற்கு முன்னால் தேத்தண்ணி வைக்க வேண்டும். ஆறிப்போனாலும் ஒருவரும் குடிக்கக் கூடாது. பர்ஹா ஒருமுறை குடித்துவிட்டு, வாசகரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. கடிதம் நன்றாக வந்ததால் அவளுக்குத் தரம் உயர்ந்தது.

ஆயிரம் பேருக்கு எழுதுகிற கடிதத்தை ஒரே ஒருவருக்கு எழுது என்பதுதான் நிறுவகத்தின் தலையாய விதி. ஆகவே ஒவ்வொரு பயிலுநரும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை மனத்தால் அந்தக் கதிரையில் இருத்த வேண்டும். நிலூஷா அம்மாவை இருத்தினாள். வேறு யாரை அவளுக்கு அவ்வளவு தெரியும்?

பிறகு கேள்விகள். கதிரையில் இருப்பவருக்கு எங்கே நோகிறது, எதை நினைத்துத் தனியே இருக்கும்போது பெருமூச்சு விடுகிறார், யாருடைய போன் வராவிட்டால் சாப்பாடு இறங்காது. பணிப்பாளர் ஸ்ரனிஸ்லாஸ் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே போவார். அவசரப்படுத்த மாட்டார். நிலூஷாவின் வாழ்க்கையில் யாரும் அவளிடம் அவ்வளவு பொறுமையாக எதையும் கேட்டதில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா மேல் அறைக்குப் படியேறும்போது நடுவில் நின்று, ஏதோ மறந்ததைத் தேடுகிற மாதிரி நடிப்பதையும் சொன்னாள். முழங்கால் நோ என்று ஒருவரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்பதற்காக அந்த நடிப்பு. வகுப்பில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பணிப்பாளர் கதிரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, "வாங்கோ அம்மா, களைச்சிருப்பீங்கள், இருங்கோ" என்றார். நிலூஷாவுக்கு முதுகு சில்லிட்டது. பெருமையால்தான் என்று அப்போது நினைத்தாள்.

அவள் எழுதிய கடிதம் இப்படித் தொடங்கியது: 'அன்புள்ள அம்மா, நடுப்படியில் நின்று நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் எதையும் தொலைக்கவில்லை. கொஞ்சம் இருங்கள். உங்களைப் பற்றிக் கதைப்போம்.'

அதற்குக் கீழே ஒரு பக்கம் முழுவதும் அன்பு. என்ன விற்கிறோம் என்று அவளுக்குச் சொல்லப்படவில்லை. அவள் கேட்டபோது, மருந்துக்கும் அன்புதான், மாடிவீட்டுக்கும் அன்புதான், பொருள் தெரிந்தால் கை கூசும் என்றார்கள். பொருள் வருவது பின்குறிப்பில். பின்குறிப்பு எழுதுவது மேல்மாடி.

கடிதம் நிறுவகத்தின் வரலாற்றிலேயே சிறந்ததென்று அறிவிக்கப்பட்டது. வாசகர் கதிரைக்கு ஒரு மாலை போட்டார்கள். பிறகு கடிதம் மேலே போனது, அச்சானது, எங்கோ அனுப்பப்பட்டது. எங்கே என்று அவளுக்குத் தெரிய வந்தது இன்றைக்குத்தான், பதில் அட்டைகளைப் பிரித்து அடுக்கச் சொன்னபோது. எல்லா அட்டைகளும் கொட்டாஞ்சேனை சங்குத் தோட்டத்திலிருந்து வந்திருந்தன. அவள் பிறந்து வளர்ந்த ஒழுங்கை. மூன்றாவது அட்டையில் அம்மாவின் கையெழுத்து.

மேசையில் கிடந்த அச்சுக் கடிதமொன்றை எடுத்துப் பின்குறிப்பை வாசித்தாள். 'பி.கு: கொலன்னாவையில் எழும்பப் போகும் எங்கள் மேகமாடத்தில் உங்களுக்கு ஒரு வீடு காத்திருக்கிறது. லிஃப்ட் உண்டு. மாடம் எழும்பும்வரை சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். கையோடு எதுவும் கொண்டுவரத் தேவையில்லை. இப்போதுள்ள வீட்டையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.'

அட்டைகளை வகைப்படுத்த ஒரு அகராதி வைத்திருந்தார்கள். பாப்பம் என்றால் ஓம், அதாவது சம்மதம். யோசிப்பம் என்றால் ஓம், கொஞ்சம் சத்தமாக. எதுவும் எழுதாமல் வந்த அட்டை, சொல்ல வார்த்தை வராத மகிழ்ச்சி. ஒருவர் பணிப்பாளரின் பரம்பரையையே கெட்ட வார்த்தையால் திட்டி எழுதியிருந்தார். அது 'ஆழ்ந்த ஈடுபாடு' என்ற பெட்டிக்குப் போனது. ஏனென்றால் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்காமல் அப்படித் திட்ட முடியாது. இன்னொரு அட்டையில், அவர் காலமாகிவிட்டார் என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். அதை 'ஏற்கெனவே இடம்பெயர்ந்தவர், பொருட்களை மட்டும் ஏற்றவும்' என்று குறித்தார்கள்.

அப்போதுதான் நிலூஷா அம்மாவின் அட்டையை உருவிக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள்.

இப்போது ஈரச் செருப்போடு பணிப்பாளரின் அறைக்குப் போனாள். ஸ்ரனிஸ்லாஸ் எழும்பி நின்று வரவேற்றார். அவர் எல்லோருக்கும் எழும்பி நிற்பவர். முந்தி மரண அறிவித்தல்கள் எழுதிக்கொண்டிருந்தவர். தன் அறிவித்தல் ஒன்றையாவது யாரும் மறுத்து எழுதியதில்லை என்று அவரே சொல்லுவார். மேசையில் வைத்த ஈர அட்டையைப் பார்த்துவிட்டு அவர் கோபிக்கவில்லை. கைலேஞ்சியை எடுத்து அதை ஒற்றினார்.

அது தன் அம்மா என்றும், பாப்பம் என்று அவள் எழுதியது மாட்டேன் என்ற கருத்தில்தான் என்றும், கொழும்பில் பாப்பம் என்று சொன்ன யாரும் இதுவரை எதையும் பார்த்ததில்லை என்றும் நிலூஷா சொல்லி முடித்தாள். அவர் கடைசி வரைக்கும் தலையாட்டிக் கேட்டார்.

"மகள், அம்மா எழுதினதை நாங்கள் நம்பாட்டி வேற ஆர் நம்புறது? ஒரு மனுசி பாப்பம் எண்டு தன்ர கையால எழுதுறா. நாங்கள் அதை இல்லையெண்டு எடுத்தா அவவைப் பொய்க்காரி ஆக்கிறமே. அந்தப் பாவத்தை இந்த நிறுவகம் செய்யாது."

நிலூஷா யோசித்தாள். அப்படியானால் அம்மாவைக் கொண்டு வேறு அட்டை எழுதுவிக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று எழுதினால்?

"வேண்டாம்." அவர் அந்தச் சொல்லை ஆசையோடு சொல்லிப் பார்த்தார். "கடைசியில என்ன கேக்குது? ஆம். ஆம் எண்டா ஓம். தமிழர் கடைசியில மனச்சாட்சியைச் சொல்லிப்போடுவினம், பாருங்கோ."

மாட்டன் என்று எழுதினால்?

"மாட்டன் எண்டவர் ஏற்கெனவே மாட்டினவர்."

ஏலாது?

"ஏலாது எண்டா மனம் இருக்கு, உடம்பில பெலன் இல்லை. பாவம். அவைக்கு ரெண்டு ஆள் கூட அனுப்புவம்."

இல்லை என்று மட்டும் எழுதினால், வேறொன்றும் இல்லாமல், வெறும் இல்லை என்று?

ஸ்ரனிஸ்லாஸ் யன்னல் பக்கம் போய் நின்றார். ரயில் போனது. கட்டடம் நடுங்கி ஓயும்வரை காத்திருந்தார்.

"அதுதான் மகள் எனக்கு மிச்சம் பிடிச்ச சொல். பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பீங்கள். இல் எண்டா வீடு. இல்லும் ஐயும் சேந்தா இல்லை. இல்லை எண்டா வீட்டை. ஒருத்தர் எங்களுக்கு 'வீட்டை' எண்டு எழுதி அனுப்பினா என்ன விளங்குது? வசனம் முடியேல்லை. செய்யவேண்டியதை மட்டும் சொல்லாம விட்டிருக்கிறார். அதை நாங்கள் செய்துகொடுப்பம்."

சிங்களத்தில் எழுதினால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாயெடுத்தாள். சிங்களத்துக்கு அடுத்த கட்டடத்தில் வேறு பணிப்பாளர் இருக்கிறார், இவரை விடக் கெட்டிக்காரர் என்று பர்ஹா முன்பே சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. வாயை மூடினாள்.

அவளுடைய கண் கலங்கியதைக் கண்டதும் பணிப்பாளர் உண்மையிலேயே வருந்தினார். ஒரு ஃபைலைத் திறந்து, நிறுவகம் யாரையும் வற்புறுத்துவதில்லை என்ற விதியை எடுத்துக் காட்டினார். அகராதியில் இல்லாத மறுப்புச் சொல் ஒன்றை நாளைக்கு வீட்டுச் சாமான் ஏற்ற லொறி வருவதற்கு முன்னால் அம்மா எழுதித் தந்தால் அது கட்டாயம் ஏற்கப்படும். ஒரே ஒரு நிபந்தனை. சொல் மரியாதையானதாக இருக்க வேண்டும். மரியாதை இல்லாவிட்டால் அது கோபம், கோபமென்றால் ஈடுபாடு. அப்படியொரு சொல் கிடைத்தால் அடுத்த பதிப்பில் சேர்த்து, கண்டுபிடித்தவர் என்று நிலூஷாவின் பெயரையும் போடுவதாகச் சொன்னார்.

"போயிட்டு வாறன் சேர்" என்று சொல்லிக்கொண்டு அவள் திரும்பினாள். சின்ன வயதிலிருந்து வாயில் ஊறிய பழக்கம். போறன் என்று சொன்னால் அம்மா வாயில் அடிப்பாள்.

பின்னால் பேனை கீறும் சத்தம் கேட்டது. "வாறன்" என்று பணிப்பாளர் தனக்குத்தானே சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். "நல்லது. திரும்பி வாறதா ஒப்புக்கொண்டிருக்கிறா."

பஸ்ஸில் பர்ஹா புறக்கோட்டை வரைக்கும் கூட வந்தாள். அவளுடைய வீடு கொலன்னாவையில், எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால். மேகமாடம் கட்டுகிற இடம் எப்படியிருக்கிறதென்று நிலூஷா கேட்டாள்.

"அங்க ஒண்டுமில்லடி. தண்ணி நிக்கிற காணி. ஒரு பேர்ப் பலகை நட்டீக்கி. லிஃப்ட் மட்டும் கொண்டாந்து வெச்சீக்காங்க, பொட்டியா. ஆடு கட்டீக்காங்க அதுக்குள்ள." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள். "நான் கதிரைல வாப்பாவ வெச்சன். என்ட கடிதம் எங்க போகும் புள்ள?"

புறக்கோட்டையில் நிலூஷா இறங்கிக் கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்கு ஓடினாள்.

சங்குத் தோட்டத்தில் பிள்ளைகள் வழக்கம் போலப் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். கதவுகளில் சின்னதாக நீல ஒட்டிகள் ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அழகான சாய்ந்த எழுத்தில் 'அன்புள்ள'. யாரோ இரண்டு பேர் நாடா பிடித்து ஒழுங்கையின் அகலத்தை அளந்தார்கள். லொறி உள்ளே வருமா, பின்பக்கமாக எடுக்க வேண்டுமா என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு றொஹான் அங்கிள் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கதவிலும் ஒட்டி இருந்தது. இவளுடைய வீட்டுக் கதவிலும் இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அதுவும் அதே கடதாசி.

அம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து, கண்ணாடி போட்டு, கடிதம் மாட்டியிருந்தது. பின்குறிப்பு சட்டத்துக்குள் மடிந்து மறைந்திருந்தது.

நிலூஷா நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னாள். லொறி, பின்குறிப்பு, அகராதி, ஆடு கட்டியிருக்கிற லிஃப்ட். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள். முகம் மெல்ல மெல்ல வெளிறியது. வீட்டையோ, வீட்டை எடுக்கிறதென்றால் எப்படி, நாங்கள் எங்கே போவது என்று கேட்டாள். பாப்பம் என்றால் இல்லையென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்றாள்.

"அப்ப ஏனம்மா அதை நேர எழுதேல்லை?"

"ஒரு மனுசன் இவ்வளவு அன்பா எழுதியிருக்க, முகத்தில அடிச்ச மாதிரி எழுதுறதே?"

"அது மனுசன் இல்லை. நான். நான்தான் எழுதினனான்."

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, இவ்வளவு பயத்துக்கு நடுவிலும், சிரித்துவிட்டாள்.

"போடி. இது எழுதினவருக்கு என்ர முழங்கால் நோ தெரியும். படியில நான் நிக்கிறது தெரியும். நீ ஒருநாள் கேட்டிருக்கிறியே, அம்மா ஏன் நிக்கிறீங்கள் எண்டு?"

வெளியே நாடா பிடித்தவர்களில் ஒருவன், பின்பக்கமாகவே எடுக்கலாம் என்று மற்றவனுக்குச் சத்தம் போட்டுச் சொன்னான்.

அம்மா மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இது அப்பாவுடைய உழைப்பு, விட முடியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்புள்ள ஐயா என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஒரு சொல்லை எழுதப் போய் நிறுத்தினாள். வேறொன்றை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். நிலூஷா தலையை ஆட்டினாள். இன்னொன்று. அதற்கும் ஆட்டினாள்.

அம்மா பேனையை மகளிடம் நீட்டினாள்.

"நீதானே படிச்சனீ. சொல்லு பிள்ளை, மரியாதை குறையாம மாட்டம் எண்டு சொல்ல எங்களிட்ட என்ன சொல் இருக்கு?"